பெங்களூருவில் இருந்துகொண்டு ஸ்கூபா டைவிங்: எங்கே கற்பது, எங்கே இறங்குவது?

அல்சூர்_அன்பு | ஆகஸ்ட் 9, இரவு 10:42

வணக்கம் மக்களே. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. எனக்கு ஸ்கூபா டைவிங் கத்துக்கணும். வீடு அல்சூர், வேலை வைட்ஃபீல்டு. கடலைப் பார்க்கணும்னா ஒரு ராத்திரி பஸ்ல தூங்கி எழுந்திருக்கணும். மாடியில நின்னா ஏரி தெரியும், ஆனா அதுல இறங்கினா அடுத்த நாள் தோல் டாக்டர் வீட்டு வாசல்லதான் நிக்கணும்.

போன மாசம் ஆபீஸ்ல ஒருத்தர் அந்தமான் போய்ட்டு வந்து வீடியோ காட்டினார். அன்னையிலேர்ந்து யூடியூப்ல வேற எதுவும் ஓடறதில்லை. பெங்களூருக்குள்ளேயே கத்துக்க வழி இருக்கா? பக்கத்துல அணை, குளம், குவாரின்னு டைவ் பண்ற இடம் ஏதாவது? கடலுக்குத்தான் போகணும்னா எது கிட்ட, எந்த மாசம்? நீச்சல் சுமாரா வரும், அதாவது சின்ன வயசுல ஆம்பூர் பக்கம் மாமா வீட்டுக் கிணத்துல குதிச்ச அனுபவம். கண்ணாடி மைனஸ் நாலு. வயசு 36. வீட்டம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

டின்ஃபேக்டரி_டிராஃபிக் | ஆகஸ்ட் 9, இரவு 10:58

2022 செப்டம்பர்ல டிராக்டர்ல ஏறி ஆபீஸ் போன ஊர்ல வந்து தண்ணி இல்லைன்னு சொல்றீங்களே ப்ரோ. ஒரு நல்ல மழை வரட்டும், அவுட்டர் ரிங் ரோட்டுக்கு வாங்க. பார்வைத்தூரம்தான் கொஞ்சம் கம்மி.

நீர்க்காகம் | ஆகஸ்ட் 10, காலை 6:15

அன்பு, நல்ல கேள்வி. நான் பதினோரு வருஷமாக டைவ் செய்கிறேன், அதில் சில வருஷம் புதுச்சேரியில் பயிற்சியாளராக இருந்தேன். இப்போது குடும்பத்தோடு கம்மனஹள்ளி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாதிப் படிப்பை இங்கேயே முடிக்கலாம். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற டைவ் பயிற்சி அமைப்புகளின் அடிப்படைப் படிப்பான ஓப்பன் வாட்டர் மூன்று துண்டாக இருக்கும். முதலாவது பாடம், அதை ஆன்லைனில் வீட்டிலேயே படித்துவிடலாம். இரண்டாவது நீச்சல்குளப் பயிற்சி. மூன்றாவது கடலில் நாலு டைவ். முதல் இரண்டுக்கும் கடல் தேவையே இல்லை. பெங்களூரில் டைவ் கற்றுத்தருபவர்கள் பலரும் ஆழமான நீச்சல்குளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துகிறார்கள். அதை முடித்தவுடன் ரெஃபரல் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு எந்தக் கடற்கரை டைவ் சென்டருக்குப் போனாலும் மீதி நாலு டைவை முடித்து, படிப்பை முடித்ததற்கான அடையாளக் கார்டு வாங்கலாம். பாடியில் அந்தத் தாள் 12 மாதம் செல்லும்.

நீச்சல் தேர்வு உண்டு, ஆனால் பயப்படும்படி இல்லை. நிற்காமல் 200 மீட்டர், எந்த ஸ்டைலிலும், நேரக் கணக்கு கிடையாது. 25 மீட்டர் குளமென்றால் எட்டு முறை. பிறகு 10 நிமிஷம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். கிணற்றில் குதித்தவர்களுக்கு மிதப்பது நன்றாக வரும், எட்டாவது நீளத்தில்தான் மூச்சு வாங்கும். இன்றிலிருந்து காலையில் குளத்துக்குப் போக ஆரம்பியுங்கள்.

மைனஸ் நாலுக்குக் கண்ணாடி வைத்த மாஸ்க் ரெடிமேடாகவே கிடைக்கிறது, அரை அரை பவராக ஏறும். உங்கள் பவருக்கு ஒரு படி கம்மியாக எடுத்தாலும் பரவாயில்லை, தண்ணீருக்குள் எல்லாமே கொஞ்சம் பெரிதாகவும் கிட்டேயும் தெரியும்.

சில்க்போர்டு_சிவா | ஆகஸ்ட் 10, காலை 9:30

கடலுக்கெல்லாம் எதுக்கு தலைவா போகணும். கனகபுரா ரோட்டுப் பக்கம் ஒரு பழைய கல்குவாரி இருக்கு, தண்ணி பச்சைக் கண்ணாடி மாதிரி. எங்க பசங்க ஞாயித்துக்கிழமை போறோம். ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுத்துக்கிட்டா ஆச்சு.

நீர்க்காகம் | ஆகஸ்ட் 10, காலை 9:52

சிவா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆக்சிஜன் சிலிண்டர். டைவர் முதுகில் இருப்பது ஆக்சிஜன் இல்லை. நாம் இப்போது மூச்சு விடுகிற இதே காற்றுதான், வடிகட்டி அமுக்கி அடைத்தது. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். சுத்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நரம்பைத் தாக்கி வலிப்பு வர வைக்கும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயில் இருக்கும், காற்று தரும் ரெகுலேட்டர் நழுவிவிடும். மருத்துவக் கடையிலோ வெல்டிங் கடையிலோ சிலிண்டர் எடுத்து யாரும் விளையாட வேண்டாம். தயவுசெய்து.

அடுத்து குவாரி. கரை என்று ஒன்று அங்கே கிடையாது, வெட்டிய பாறை நேராகக் கீழே இறங்கும். களைத்துப்போனால் நிற்க ஒரு படிக்கட்டு இருக்காது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் சில மீட்டர் கீழே போனதும் சட்டென்று குளிரும், அந்த அதிர்ச்சியில் மூச்சு தானாக இழுக்கும். அடியில் பழைய கம்பி, கேபிள், மரக்கிளை, அதற்கு மேல் மாவு மாதிரி வண்டல். ஒரு முறை காலை ஆட்டினால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பக்கத்துக் குவாரிகளில் பசங்கள் மூழ்கிய செய்தி வருகிறதே, அவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு.

நெறியாளர் | ஆகஸ்ட் 10, காலை 10:20

குவாரியின் இடக்குறிப்பு கேட்டு இரண்டு பேர் பதிவு போட்டிருந்தார்கள், நீக்கியிருக்கிறோம். அனுமதி இல்லாத நீர்நிலைகளின் இருப்பிடத்தை இந்த இழையில் பகிர வேண்டாம்.

ரியோகிராண்டே_ரிட்டர்ன் | ஆகஸ்ட் 10, மதியம் 1:05

உள்நாட்டு டைவிங் என்றதும் என் அனுபவம். ஐந்து வருஷம் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகெர்க்கியில் வேலை பார்த்தேன். சுற்றிலும் பாலைவனம், நம்ம ராயலசீமா மாதிரி. அங்கே சாண்டா ரோசா என்ற சின்ன ஊரில், ரூட் 66 சாலைக்குப் பக்கத்திலேயே, ப்ளூ ஹோல் என்று ஒரு ஊற்று இருக்கிறது. மேலே பார்த்தால் பெரிய கிணறு அகலம்தான், ஆழம் சுமார் 25 மீட்டர். வருஷம் பூரா தண்ணீர் ஏறத்தாழ 16 டிகிரி. நீலம் என்றால் அப்படியொரு நீலம். வார இறுதியில் பக்கத்து மாநிலத்திலிருந்தெல்லாம் டைவ் வகுப்புகள் வேனில் வந்து இறங்கும். நான் படித்ததும் அங்கேதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அதுவும் யாரோ கண்டுபிடித்த குவாரி மாதிரி இல்லை. நகராட்சியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கார்டு காட்ட வேண்டும். அடியில் ஒரு குகை வாய் உண்டு. 1976-ல் அதற்குள் போன இரண்டு பேர் இறந்த பிறகு அந்த வாயைக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள்.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. டைவ் முடித்து ஆல்புகெர்க்கி திரும்பும் வழியில் கிளைன்ஸ் கார்னர்ஸ் என்ற மேட்டைத் தாண்ட வேண்டும், 2,100 மீட்டருக்கு மேல் உயரம். எங்கள் பயிற்சியாளர் அதற்காகவே கடைசி டைவ் முடிந்து பல மணி நேரம் எங்களைச் சாண்டா ரோசாவிலேயே உட்கார வைப்பார். அங்கே ஒரு பெட்ரோல் பங்க் காபிக் கடையில் நான் செலவழித்த நேரம் கொஞ்சநஞ்சமில்லை. பெங்களூரும் மேட்டில்தானே இருக்கிறது? இங்கே யாராவது இதைப் பார்க்கிறார்களா?

ஓசூர்_புல்லட் | ஆகஸ்ட் 10, மாலை 7:44

யாரும் பாக்கறதில்லைங்க. நான் பாக்காம பட்டவன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி கர்நாடகா கடற்கரையில முருடேஸ்வர் போய் நேத்ராணி தீவுல டைவ் பண்ணோம். கார்டு இருக்கு எனக்கு. காலைல ரெண்டு டைவ், ரெண்டாவது 16 மீட்டர் வரைக்கும். மதியம் கரைக்கு வந்து மீன் சாப்பாடு, மூணு மணிக்கு புல்லட்டை எடுத்துட்டேன். ஹொன்னாவர், கெருசொப்பா காட் (மலைப்பாதை) ஏறி ஜோக், சாகர், ஷிவமொக்கா. மறுநாள் காலைல ஷிப்டு, அதான் அவசரம்.

ஷிவமொக்கா கிட்ட வரப்பவே இடது தோள்பட்டை உள்ளுக்குள்ள குடையுது. வெளிய தொட்டா வலி இல்ல, அமுக்கினா கொஞ்சம் சுகமா இருக்கு. வண்டி ஓட்டுன வலின்னு நெனச்சு தும்கூர்ல டீ குடிச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் முழங்கையும் சேந்துக்கிச்சு. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன், டைவ் பண்ணேன்னு சொன்னேன், அவரு "ஓ நீச்சலா"ன்னுட்டு ஸ்பிரே எழுதிக் குடுத்தாரு. மூணாம் நாள்தான் டைவ் பண்ற ஃப்ரெண்டு ஒருத்தன் திட்டி, காத்தழுத்தத்த ஏத்தி வைத்தியம் பண்ற அழுத்த அறை இருக்கற இடத்துக்கு இழுத்துட்டுப் போனான். அங்க டாக்டர் "இது நைட்ரஜன் வேலைதான்னு நூறு சதம் சொல்ல முடியாது, ஆனா சந்தேகம் இருந்தா அப்படியே வெச்சுத்தான் பாக்கணும்"னாரு. ரெண்டு நாள் அந்த உருளைக்குள்ள படுத்தேன். வலி போச்சு. பில்லு பாத்து வேற வலி வந்துச்சு.

டின்ஃபேக்டரி_டிராஃபிக் | ஆகஸ்ட் 10, இரவு 8:10

அண்ணே, பயமுறுத்தாதீங்க. பெங்களூர் என்ன எவரெஸ்டா? வெறும் 900 மீட்டர். வாராவாரம் இங்கிருந்து எத்தனை பேர் நேத்ராணி போய் அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறி வர்றாங்க. ஃப்ளைட்லதான் போகக்கூடாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

நீர்க்காகம் | ஆகஸ்ட் 10, இரவு 9:35

நியாயமான சந்தேகம். இந்த ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயமே இதுதான் என்பதால் விளக்குகிறேன்.

ஆழத்தில் காற்றை அழுத்தத்தோடு மூச்சுவிடும்போது அதிலிருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் மெல்ல வெளியேறும். கோலி சோடாவின் கோலியைச் சட்டென்று தட்டினால் பொங்குவதும் மெல்ல விட்டால் பொங்காததும் மாதிரி. கரைக்கு வந்த பிறகும் மிச்சம் பல மணி நேரம் உடம்பில் இருக்கும். அந்த நேரத்தில் வெளி அழுத்தம் இன்னும் குறைந்தால் குமிழி உண்டாகலாம். விமானமோ, மலையோ, உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணக்கு இது. டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பு 2002-ல் நிபுணர்களைக் கூட்டி வகுத்த பரிந்துரை: டிகம்ப்ரஷன் நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் நின்று காத்திருப்பது) தேவைப்படாத ஒற்றை டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம் பறக்காமல் இருக்க வேண்டும். இதில் பறப்பது என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உயரம் 2,000 அடியிலிருந்து 8,000 அடி வரை. பெங்களூர் சுமார் 3,000 அடி. அதாவது நம் வீடே அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது! மங்களூரு வழி ரயிலில் வந்தால் சக்லேஷ்பூரும் கிட்டத்தட்ட இதே உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விடப் பத்தில் ஒரு பங்கு குறைவு.

டிராஃபிக் தம்பி சொன்னது மாதிரி ராத்திரி பஸ்ஸில் வருபவர்கள் பெரும்பாலும் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு 12 மீட்டருக்குள் அரை மணி நேரம் ஒரே ஒரு டைவ் போனவர்கள். பத்து மணிக்கு முடித்து இரவு பத்து மணி பஸ் என்றால் கணக்கு சரியாகவே வந்துவிடும். புல்லட் அண்ணன் இரண்டு டைவ் போய், மூன்றே மணி நேரத்தில் காட் ஏறிவிட்டார். அவருடைய வலிக்குக் காரணம் அதுதான் என்று நானும் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் படிப்பவர்கள் யாரும் அன்றே மேலே ஏறக் கூடாது.

புதுச்சேரி இந்த விஷயத்தில் கொஞ்சம் சௌகரியம். செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வரை தாழ்வான பூமிதான். கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி ஏறும்போதுதான் உயரம் பிடிக்கும். அதற்காக அவசரப்படவும் வேண்டாம், திருவண்ணாமலையில் இறங்கி ஒரு ராத்திரி தங்கி, கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். கிரிவலம் போகலாம், மலை மேல் ஏற வேண்டாம்.

முத்துநகர்_பேரன் | ஆகஸ்ட் 10, இரவு 11:20

"மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்"னு சொல்லுவாவ. இங்க மலையேறதுக்கே தடை போட்டுட்டீயளே.

அந்தப் பழமொழியோட கடல் பக்கம் தெரியுமா? எங்க தூத்துக்குடியில முத்துக்குளிக்கப் போறவன் இடுப்புக் கயித்த தோணியில பிடிச்சிருக்கது மச்சான்தான்னு எங்க ஆச்சி சொல்லும். கீழ போனவன் கயித்த ஆட்டுனா இவன் இழுக்கணும். தாலியறுந்தா தன் தங்கச்சிக்குத்தான், அதனால மச்சான் கயித்த விடமாட்டான். ஸ்கூபாவுல ரெண்டு பேரா ஜோடி போட்டுத்தான் எறங்கணும்னு வச்சிருக்காவள்லா, அதுக்கு எங்க ஊர்ல எப்பவோ ஆளு நியமிச்சாச்சு.

எங்க தாத்தா சங்கு குளிச்சவரு. சிலிண்டர் கிடையாது, மாஸ்க் கிடையாது. கல்லக் கட்டி எறங்கி, ஒரு மூச்சுல எடுக்க முடிஞ்சத எடுத்துட்டு மேல. காதுல ரத்தம் வந்தத பெருசா சொல்லிக்க மாட்டாரு. முத்துக்குளிப்பு 1961-க்குப் பொறவு நடக்கல, சங்கு இன்னும் எடுக்காவ.

சரி விசயத்துக்கு வாறேன். எங்க ஊர்ப் பக்கம் டைவ் பண்ணலாம்னு நெனைக்கவங்களுக்கு: ராமேஸ்வரத்துலேருந்து தூத்துக்குடி வரை இருக்க தீவுக்கூட்டம் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 1986-ல அறிவிச்சது. 21 தீவு. பவளப்பாறை உண்டு, கடற்பசு உண்டு. ஆனா வனத்துறை அனுமதி இல்லாம தீவுப் பக்கம் போகக் கூடாது. "நம்ம போட்டு, வாங்க"ன்னு எவனாவது கூப்பிட்டா நம்பாதீய.

கோமதி_ஆர்டிநகர் | ஆகஸ்ட் 11, காலை 7:05

நேற்று ராத்திரி உட்கார்ந்து முழு இழையும் படித்தேன். குழந்தைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு நானும் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பத்து வயது ஆனால் ஜூனியர் படிப்பில் சேரலாம், 10, 11 வயதுக்கு 12 மீட்டர்தான் எல்லை. எட்டு வயதிலேயே நீச்சல்குளத்தில் 2 மீட்டர் ஆழத்தில் மூச்சுவிட்டுப் பார்க்கும் நிகழ்ச்சி உண்டு. என் மகளுக்கு அப்படித்தான் தொடங்கியது, அவள் என்னை விடத் தைரியம்.

என் கதை வேறு. படிப்பில் சேருவதற்கு முன்னால் ஒரு சுற்றுலாத் தலத்தில் அறிமுக டைவ் போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். இறங்கும்போது இரண்டு மீட்டரிலேயே காது வலிக்க ஆரம்பித்தது. கை காட்டினேன். கூட வந்த பையன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஓகே காட்டிவிட்டு என்னைக் கீழேயே இழுத்துப் போனான். காதுக்குள் பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் சில்லென்று தண்ணீர் புகுந்த மாதிரி, தலை சுற்றல். செவிப்பறை கிழிந்து ஆறு வாரம் தலைக்குக் குளிக்காமல் இருந்தேன். மேலே வந்ததும் எனக்கு லேமினேட் செய்த சர்டிபிகேட் வேறு கொடுத்தார்கள்! அது லைசென்ஸ் இல்லை, கலந்துகொண்டதற்கான நினைவுப் பரிசு. அதை வைத்துக்கொண்டு அடுத்த இடத்தில் தனியாக இறங்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதைத் திறந்துகொண்டேதான் இறங்க வேண்டும், வலி வருவதற்கு முன்னாலேயே. வந்துவிட்டால் நிறுத்தி ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். சளி இருந்தால் அன்றைக்கு டைவே வேண்டாம், கட்டின பணம் போனால் போகட்டும். இதையெல்லாம் எனக்குப் பிறகு நீச்சல்குளத்தில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அல்சூர்_அன்பு | ஆகஸ்ட் 11, காலை 8:40

கோமதி அக்கா, நீர்க்காகம் சார், புல்லட் அண்ணே, எல்லாருக்கும் நன்றி. கேட்டது டைவ் ஸ்பாட், கிடைச்சது டாக்டர் கன்சல்டேஷன். அப்போ எங்கே, எப்போ போகட்டும்? மழை மாசம் வேற நடக்குது.

நீர்க்காகம் | ஆகஸ்ட் 11, இரவு 9:10

நம் ஊருக்குக் கடல் இல்லைதான். ஆனால் இரண்டு பக்கமும் கடல் எட்டும் தூரத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் மழை வேறு வேறு மாதம்.

மேற்கே நேத்ராணி. முருடேஸ்வர் கரையிலிருந்து ஏறக்குறைய 19 கிலோமீட்டர், படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல். தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, படகே போகாது. அக்டோபரில் திறக்கும், டிசம்பர் ஜனவரியில் தண்ணீர் நன்றாகத் தெளியும். தீவில் இறங்க முடியாது, படகிலிருந்தே குதிக்க வேண்டும். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். பெங்களூரிலிருந்து கார்வார் போகும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் இரவு ரயில், காலையில் இறங்கிவிடலாம்.

கிழக்கே புதுச்சேரி. காரில் 300 கிலோமீட்டர் சொச்சம். அங்கே கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 18 மீட்டர் ஆழத்தில், கான்கிரீட்டும் பனைமரமும் போட்டு மனிதர்கள் அமைத்த செயற்கைப் பாறைத்திட்டு இருக்கிறது. வெறும் மணல் தரையில் போட்டார்கள், இன்று மீன் கூட்டம் அடைகிறது. வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை கலங்கிவிடும், புயல் பயமும் உண்டு. பிப்ரவரிக்கு மேல் நன்றாக இருக்கும்.

அந்தமானும் லட்சத்தீவும் தனி உலகம். அங்கே முதல் நாலு டைவுக்குப் போவதை விட, இங்கே கார்டு வாங்கிய பிறகு போனால் கொடுத்த பணத்துக்கு மீனைப் பார்க்கலாம், மாஸ்க்கில் தண்ணீர் விட்டுப் பழகிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்களுக்கு இப்போது சரியான நேரம்தான். ஆகஸ்ட் பாடம், செப்டம்பர் குளம், நவம்பர் நேத்ராணி.

பள்ளி பற்றி நான் பெயர் சொல்லமாட்டேன், எனக்கே இதில் தொழில் இருக்கிறது. நேரில் போய்ப் பாருங்கள். குளம் எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள், நாலடிக் குளத்தில் முழங்கால் போட்டுக் கற்றுக்கொண்டவர் கடலில் தடுமாறுவார். பயிற்சியாளரின் எண்ணைக் கேட்டு வாங்கி அந்த அமைப்பின் இணையதளத்தில் சரிபாருங்கள். தப்பாக எடுத்துக்கொள்பவர் உங்களுக்கு வேண்டாம். மருத்துவக் கேள்வித்தாளை அவர்களாக நீட்டுகிறார்களா என்று பாருங்கள். "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போட்டுடுங்க சார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, நுரையீரல் ஆபரேஷன், இதில் எது இருந்தாலும் டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறங்கக் கூடாது.

சில்க்போர்டு_சிவா | ஆகஸ்ட் 12, காலை 10:02

குவாரி திட்டம் கேன்சல். அம்மா இந்த இழையைப் படிச்சிட்டாங்க.

அல்சூர்_அன்பு | செப்டம்பர் 22, இரவு 10:15

ரிப்போர்ட். எட்டு நீளம் முடிஞ்சது, ஆறு வாரம் தினமும் காலை ஆறு மணிக் குளம்.

பன்னிரண்டடி ஆழத்துல மண்டி போட்டு உட்காரச் சொன்னாங்க. முதல் மூச்சு இழுத்தப்போ காதுக்குள்ள கேட்ட சத்தம், பழைய படத்துல ஆவி வர்ற சீன் மாதிரி. அப்புறம் மாஸ்க் முழுக்கத் தண்ணி விடணும், கண்ணைத் திறந்துக்கிட்டே, மேல் விளிம்பை ரெண்டு விரலால அழுத்தி மூக்கு வழியா ஊதினா தண்ணி கீழ வழியா வெளிய போகணும். சொல்லும்போது ஈசி. மூக்கு நனைஞ்சதும் மூளை "மேல போ, மேல போ"ங்குது. ரெண்டு தடவை பயிற்சியாளர் தோளைப் பிடிச்சு உட்கார வெச்சார். மூணாவது தடவை நானே ஊதினேன். அந்த ஒரு ஊதலுக்கு அவர் தண்ணிக்குள்ளயே கை தட்டினார், சத்தமே வரலை.

டேங்க் கணக்கும் புரிஞ்சது. 11 லிட்டர் உருளைக்குள்ள 200 பார் அழுத்தத்துல சுமார் 2,200 லிட்டர் காத்து. 10 மீட்டர்ல வெளியழுத்தம் ரெண்டு மடங்கு, அதனால காத்தும் ரெண்டு மடங்கு வேகமாத் தீரும். பயந்தா இன்னும் வேகம். என்னோடது எல்லாருக்கும் முன்னாடியே 50 பாருக்கு வந்துடுச்சு.

வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன். இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குன்னு மட்டும் கேட்டாங்க.

அல்சூர்_அன்பு | நவம்பர் 27, இரவு 11:02

நேத்ராணி முடிச்சு நேத்துதான் வந்தேன். ரெண்டு நாள், நாலு டைவ், கார்டு வந்தாச்சு.

முதல் நாள் படகுல காலை இட்லியைக் கடலுக்கே கொடுத்துட்டேன். ஆனா தண்ணிக்குள்ள போனதும் குமட்டல் அப்படியே நின்னுடுச்சு, அது ஏன்னு தெரியலை. பாறை ஓரமா கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற கரக் கரக் சத்தம் நிஜமாவே கேக்குது. ஒரு பொந்துக்குள்ளேர்ந்து பாம்பு மாதிரி இருக்கிற அஞ்சாலை மீன் தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடிச்சு, பக்கத்து வீட்டுத் தாத்தா பல்செட் சரி பண்ற மாதிரி. சீலா மீன் கூட்டம் தலைக்கு மேல வெள்ளித் தட்டு மாதிரி நின்னுச்சு. முத்துநகர் அண்ணே, மன்னிக்கணும், பெரிய களவா மீன் ஒண்ணைப் பார்த்ததும் எனக்கு முதல்ல தோணினது ரசல் மார்க்கெட் விலைதான்.

கடைசி டைவ் முடிஞ்சப்போ மணி பதினொண்ணரை. கூட வந்த மூணு பேர் அன்னிக்கே ஐந்து மணிக்கு வண்டி எடுத்தாங்க. இழையைக் காட்டினேன், "இதெல்லாம் பார்த்தா வாழ முடியாது பாஸ்"னாங்க. நான் ரூம்லயே இருந்துட்டேன். சாயங்காலம் முருடேஸ்வர் கோயிலோட இருபது நிலை கோபுரத்துல லிஃப்ட்ல ஏறலாம்னு நினைச்சேன். 237 அடி பரவாயில்லையான்னு நீர்க்காகம் சாருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டு, அவர் சிரிப்புப் படம் அனுப்பினதும்தான் ஏறினேன். ஆழமும் நேரமும் கணக்கு வெக்கிற வாடகை டைவ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதுல ஒரு குட்டி விமானம் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. அது மறையாம ஏறாதீங்கன்னு சென்டர்ல இருந்த பையன் கன்னடத்துல சொன்னான். மறுநாள் சாயங்காலம்தான் ரயில்.

ஓசூர்_புல்லட் | நவம்பர் 28, காலை 6:30

அப்படிப் போடு. அந்த மூணு பேரு எப்படி இருக்காங்க?

அல்சூர்_அன்பு | நவம்பர் 28, காலை 8:12

நல்லாத்தான் இருக்காங்க அண்ணே, அதான் கடுப்பு. "ஒரு நாள் லீவு வேஸ்ட்"னு நக்கல் வேற.

நீர்க்காகம் | நவம்பர் 28, காலை 8:30

ஹெல்மெட் போடாமல் போனவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள் தம்பி. வாழ்த்துகள். பிப்ரவரியில் நான் புதுச்சேரி போகிறேன், வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது. திரும்பும்போது திருவண்ணாமலையில் ஒரு ராத்திரி.

முத்துநகர்_பேரன் | நவம்பர் 28, காலை 9:05

ஒரு இடம் எனக்கு. தாத்தா பேரச் சொல்லிட்டு நீச்சல்குளத்துல நானும் சேந்தாச்சு, யார்ட்டயும் சொல்லல. காது தொறக்க மாட்டேங்கி.

கோமதி_ஆர்டிநகர் | நவம்பர் 28, காலை 9:40

இன்னொரு இடம் எங்களுக்கு வேண்டும், ஆனால் நாங்கள் இரண்டு பேர். மகள் மடியில் உட்கார மாட்டாள், பதிமூன்று வயசு. அன்பு, உங்கள் மைனஸ் நாலு மாஸ்க்கை விற்கிற எண்ணம் உண்டா? அவளுக்கும் அதே பவர்தான்.

அல்சூர்_அன்பு | நவம்பர் 28, காலை 9:58

விக்கிறதா? அதைப் போட்டுக்கிட்டுத்தான் நேத்து வெங்காயம் நறுக்கினேன் அக்கா. கடையோட நம்பர் தனிச்செய்தியில அனுப்பறேன். மைனஸ் மூணரை எடுங்க, போதும்.